காதுக்கு இதமான ஜோடி

அட்டனில் மஃறூப் கடையில் இயர்போன் வாங்குகிறவர்கள் இராசரத்தினம் மாஸ்டரின் தீர்ப்பைக் கேட்காமல் தப்ப முடியாது. சம்பளமில்லாத நீதிபதி அவர்.

அன்று டயகமவிலிருந்து வந்த அன்னக்கிளி, நடுத்தர விலையில் ஒன்று கேட்டாள். "மகனுக்குங்க. காலையிலதான் கொழும்புலேர்ந்து வந்தான்."

மாஸ்டர் ஒரு ஜோடியைத் தன் காதில் செருகிக் கண்களை மூடினார். "பேஸ் நல்ல ஆழம். வயலின்தான் கொஞ்சம் மூக்கடைச்ச மாதிரி."

"காது நோகாதுங்களா சார்?"

"முதல்லை நாதத்தைக் கவனியுங்கோ அம்மா!"

"கழண்டு விழுந்துருமா?"

"தலையை ஆட்டினாலும் விழாது."

"ஆட்ட மாட்டான் சார். படுத்துத்தான் இருக்கான். பாட்டு இல்லாம அவனுக்குத் தூக்கமே வராது."

"எந்த நேரமும் மாட்டினால் காது பழுதாகும் எண்டு சொல்லி வையுங்கோ."

அன்னக்கிளி, டயகம பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மஃறூப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அது வேணாங்க. சார் காதுல இருக்கிறதையே குடுங்க. சூடா இருக்கும்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். "அப்பிடி என்ன அவசரம்? ஒரு வருச உத்தரவாதம் இருக்கு, அட்டையையாவது கொண்டுபோங்கோ."

"மூக்குல பஞ்சு வச்சுட்டாங்க சார். காதுக்கு மட்டும் நான் வர்ற வரைக்கும் பொறுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அவள் போனபின் மஃறூப் அடுத்த ஜோடியை நகர்த்தி வைத்தார். மாஸ்டர் அதைத் தொடவில்லை. தன் காதுகளைத்தான் தொட்டுப் பார்த்தார். இரண்டும் இன்னும் சூடாகத்தான் இருந்தன.