சிறுத்தை எழுந்து நின்றது

ஐந்து வயது மகள் இறந்ததிலிருந்து மனைவி பேசவில்லை. ஒரு வார்த்தையாவது பேசவைக்கலாம் என்று கணவர் அவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துவந்தார். சிறுத்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

"துரை எழுந்திரிக்க மாட்டாரோ?" என்றார் கணவர்.

"பெரியவங்கள அது மதிக்காது சார். சின்னப் பிள்ளைங்க வந்தாத்தான் எழுந்திரிக்கும்" என்றார் அதைப் பராமரிப்பவர்.

சிறுத்தை எழுந்து கம்பியருகே வந்தது. மனைவியின் இடப்பக்கம், அவள் இடுப்புக்குச் சற்றுக் கீழே கண்கொட்டாமல் பார்த்தது. அங்கு யாருமில்லை. அவள் நகர்ந்தாள், பார்வையும் நகர்ந்தது.

"போதும், வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் கணவர்.

அடுத்த கூண்டில் புலியும் எழுந்தது. கணவர் வாசலை நோக்கி விரைந்தார்.

"மெதுவாப் போங்க" என்றாள் மனைவி. "பாப்பாவால உங்களுக்கு ஈடா நடக்க முடியல."