அதே டேப்பில் திறந்த விதி

மூன்றாவது முறையும் படிவம் காணாமல் போனது.

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பெயர், நட்சத்திரம், உயரம், படிப்பு, 'மணமகளைப் பற்றி நூறு வார்த்தைகள்'. எல்லாப் பெட்டிகளும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி காலியாக இருந்தன.

மணி நாலு. ஐந்துக்குள் அனுப்பினால்தான் ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நடக்கும் வரன் சந்திப்பில் மகள் வாணியின் பெயர் இருக்கும். வாணிக்கு முப்பத்தொன்று. இதை விட்டால் அடுத்தது தீபாவளி கழித்துத்தான் என்று மனைவி சந்திரகலா காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். தங்களுக்குப் பிறகு பெண் தனியாக நிற்பாளோ என்ற பயம் இரண்டு பேருக்குமே இருந்தது.

வாணியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். அனுப்பிவிட்டுச் சொன்னால் கோபித்துக்கொள்வாள். கோபம் பரவாயில்லை என்று முடிவாகியிருந்தது.

அவள் கூடத்தில், இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் ஹெட்போனோடு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. ஏதோ கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதுகிறாள் என்ற அளவில்தான் சுகுமாறனுக்குத் தெரியும்.

கோளாறு படிவத்தின் கடைசி வரியில் இருந்தது. 'விதிமுறைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்.' பக்கத்தில் ஒரு கட்டம். 'விதிமுறைகள்' மட்டும் நீல எழுத்தில்.

வேறு யாராக இருந்தாலும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சுகுமாறன் முப்பத்திரண்டு வருடம் ரயில்வே சிக்னலில் இருந்தவர். படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. இருமல் மருந்துக்குள் இருக்கும் சீட்டைக்கூடக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் தாண்டி வாணி அழுது கேட்டபோதும், "ரூல்ஸ்ல இடமில்ல" என்றுதான் சொன்னார்.

அதனால் நீல எழுத்தை அழுத்தினார். அழுத்தியதும் படிவம் இருந்த இடத்திலேயே விதிமுறை வந்து உட்கார்ந்துகொண்டது. பதறியடித்துத் திரும்பி வந்தால் எழுதியதெல்லாம் போச்சு.

முதல் முறை 'அடக்கமானவள், அமைதியானவள், நன்றாகச் சமைப்பாள்' என்று எழுதியிருந்தார். இரண்டாம் முறை சமையலை விட்டுவிட்டார். மூன்றாம் முறை அடக்கமும் போயிற்று. ஒரே பொய்யைத் திரும்பத் திரும்ப எழுத அவருக்குக் கை வரவில்லை.

சந்திப்பை நடத்தும் சங்கத்தின் செயலாளர் சபாபதிக்குப் போன் போட்டுச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"நூத்தி நாப்பது பேரு அனுப்பிட்டாங்கண்ணே, உங்களுக்கு மட்டும்தான் ப்ராப்ளம். பேஜ் எழுதிக் குடுத்த பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். மார்க்டவுன்னு ஒண்ணுல எழுதுறாங்களாம். அதுல சும்மா லிங்க் போட்டா அதே டேப்லதான் தொறக்குமாம். புது டேப்ல தொறக்கணும்னா பின்னால இன்னொரு துண்டு ஒட்டணுமாம், அத மறந்துட்டாங்களாம். நீங்க படிக்காம டிக் பண்ணுங்க லா. யாரு படிக்கிறா அதெல்லாம்!"

படிக்காமலா? சுகுமாறனுக்குச் சுருக்கென்றது.

போனை வைத்துவிட்டு, மண்டபத்துக்கு வழி காட்டும் நீல எழுத்தைத் தட்டிப் பார்த்தார். அது பக்கத்தில் புது டேப்பில் திறந்தது. படிவம் நகரவில்லை. போன வருடத்துப் படங்களைத் தட்டினார். அதுவும் புது டேப்தான். எல்லாவற்றுக்கும் துண்டை ஒட்டிய பெண் இந்த ஒன்றுக்கு மட்டும் எப்படி மறந்தாள்? அவர் வேலை பார்த்த காலத்தில், ஒரே ஒரு சிக்னல் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறினால் அதை மறதி என்று யாரும் எழுதமாட்டார்கள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படிவம்தான் காலியாகக் கிடக்கிறதே, இனி போவதற்கு என்ன இருக்கிறது? முதலில் விதியைப் படித்துவிட்டு, அப்புறம் நிரப்பலாம். இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போனதற்குத் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

நீல எழுத்தை அழுத்தினார். புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சரி. ஜாதகம் கட்டாயமில்லை. சரி. மண்டபத்தின் முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது. ரொம்ப சரி. பதினாறாம் விதி, தேநீர் வழங்கப்படும்.

நல்ல தமிழ். ஓர் எழுத்துப் பிழை இல்லை. யார் பெற்ற பிள்ளையோ, ஒழுங்காக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

'விதி 17: மணமகளின் சம்மதம் இல்லாமல் படிவத்தை நிரப்பக் கூடாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, அப்பா?'

சுகுமாறன் அதை இரண்டு தடவை படித்தார். காது மடல் சூடாகிவிட்டது.

கூடத்தில் தட்டும் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. வாணி திரும்பவில்லை. ஹெட்போன் அவள் கழுத்தில் கிடந்தது.

"என்னங்க, அனுப்பிட்டீங்களா? மணி அஞ்சாகப் போகுது!" என்று சந்திரகலா சமையலறையிலிருந்து கத்தினாள்.

சுகுமாறன் மகளின் முதுகைப் பார்த்தபடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்ல கலா," என்றார். "ரூல்ஸ்ல இடமில்ல."