சாய்மானம்

ஐந்து எண்ணும்போது அவள் மறுபடியும் விழுந்தாள்.

காலையிலிருந்து இது நான்காவது தடவை. மரத்தளம் என்பதால் அடி பெரிதில்லை, சத்தம்தான் பெரிது. ஏணி மேல் உட்கார்ந்து விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கூட வேலையை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

ஆட்டத்தில் வேறு குறை எதுவும் இல்லை. பதினெட்டு நிமிடம் பம்பரமாகச் சுழன்றவளுக்குக் கடைசி நிலையில்தான் கண்டம். வலது காலை ஊன்றி, இடது காலைத் தூக்கி, எட்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எட்டில் விளக்கு அணையும். அவளோ ஐந்து வந்ததும் பின்னால் சாய்ந்துவிடுகிறாள்.

பின்னால் யாரும் இல்லை.

போன வருஷம் வரை அக்கா இருந்தாள். பதினான்கு வருஷம் இருவரும் இந்தக் குழுவில் ஜோடியாக ஆடினார்கள். கடைசி நிலையில் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கு ஒரு காலில் நிற்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நிலையை யோசித்துச் சொன்னது அக்காதான். மாஸ்டர் அதைத் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். போகட்டும் என்று அக்கா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

அக்காவிடம் மாஸ்டருக்கு ஒரே குறை, முதுகு. தங்கை நிமிர்ந்து நிற்கும் அதே எட்டு எண்ணிக்கையில் அவள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துபோவாள். குழுவில் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டால் அதற்கும் சிரிப்பாள்.

போன வருஷம் ஒருநாள் எல்லார் முன்னாலும் மாஸ்டர் போட்டு உடைத்தார்.

"உனக்கு முதுகு வளைஞ்சு போச்சும்மா. உன் தங்கச்சி எப்படி நிக்கறா பாரு, தூண் மாதிரி."

அக்கா தங்கையை ஒரே ஒரு தடவை பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். அக்கா தன் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள்.

தங்கைக்குத் தனி ஆட்டம் கிடைத்தது. நாளை மறுநாள் முதல் காட்சி. இன்று சாயங்காலத்துக்குள் அந்த எட்டு எண்ணிக்கையும் நிற்காவிட்டால் ஆட்டம் வேறொருத்திக்குப் போய்விடும். முப்பத்தாறு வயதில் இன்னொரு வாய்ப்பு வரும் என்று நம்புகிற அளவுக்கு அவள் விவரம் கெட்டவள் இல்லை.

மாஸ்டர் இன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பழக்க தோஷம். பதினாலு வருஷம் ஒட்டியே நின்னவங்க, அக்கா ஞாபகம் வராம இருக்குமா? ஒரு மூச்சு அழுதுடு, சரியாயிடும்."

சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் பரிதாபம் அவளுக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததுதான் அவளுக்கே பொறுக்கவில்லை. உடம்பு அசதி தூங்கினால் போய்விடும். இது ஒரு வருஷமாகத் தூங்கியும் போகாத அசதி.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டக் குனிந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். வாராவாரம் வாங்கிவரும் களிம்பைத் தங்கையின் பையில் போட்டாள். ஒத்திகையில் விழுவது பற்றித் தங்கை வீட்டில் மூச்சே விட்டதில்லை.

"அஞ்சு வந்ததும் சாஞ்சிடாதடி. நான் அங்க இல்ல" என்றாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

"கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்" என்றார் மாஸ்டர். கடைசி என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னார்.

அவள் ஆடினாள். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பதினெட்டு நிமிடமும் கால்கள் தாமாகவே போயின.

கடைசி நிலை வந்தது. வலது காலை ஊன்றினாள். இடது காலைத் தூக்கினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தில் இடது காலைக் கீழே வைத்தாள்.

இரண்டு காலும் தரையில் பதிய, கைகள் உயர்ந்தபடி, ஆறு, ஏழு, எட்டு வரை நின்றாள். விழவில்லை.

மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இது என்ன புதுசா? காலை யாரு கீழ வைக்கச் சொன்னது?"

அவள் குனிந்து வலது கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். இறுக்கிக் கட்டிய பட்டைத் துணியையும் அவிழ்த்தாள். முட்டி வீங்கி, பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு வருஷமா இது இப்படித்தான் மாஸ்டர். நாலு எண்ணுற வரைக்கும்தான் தாங்கும். இனிமே ரெண்டு காலையும் ஊனித்தான் முடிப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. முட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை வருஷமா நீ எப்படி நின்ன?"

அவள் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எங்க அக்கா முதுகு நேராத்தான் மாஸ்டர் இருந்துச்சு."