கடலைக் கிண்ணம்

கங்காருவை இடிக்கவில்லை. அது மட்டும் உறுதியாகத் தெரியும்.

பிரேக்கை மிதித்ததும் பிக்கப் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ச் செம்மண்ணில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே ஒரே புழுதி. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன்.

கத்தவில்லை. இமைகூட அசையவில்லை.

"ஃபர்ஸ்ட் கியர் போடு. மெதுவா எடு, கண்ணு."

கங்காருவைப் பார்த்து வராத பயம் அப்போதுதான் வந்தது. ஏனென்றால் அந்த முகத்தைச் செய்துகொடுத்தவளே நான்தான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான கல்கூர்லியில், எங்கள் வீட்டு ஷெட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவோடு சேர்த்து ஐந்து பேர் காசு வைத்து போக்கர் சீட்டு ஆடுவார்கள். அப்பா சுரங்க லாரிகளுக்கு டயர் மாட்டுபவர். அவர் பெயர் லின்ட்சே; அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லின்ட்சே தோற்பார் என்பதும் தெரியும்.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே தோத்தீங்கன்னா அந்தச் சீட்டு மேசை குப்பைக்குப் போயிடும்" என்று பிப்ரவரியில் அம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அதனால் நான் இறங்கினேன். எனக்குப் பதினாறு வயது, கணக்கு வரும். இணையத்தில் பாடங்கள் பார்த்தேன், நோட்டுப் போட்டு எழுதினேன். மோசமான சீட்டு வந்தால் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்காருங்கள் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அதிலேயே தோல்வி பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி கடலைக் கிண்ணத்தில் இருந்தது.

கையில் ஒன்றும் இல்லாமல், இருப்பதுபோல் காட்டிப் பெரிய காசை வைக்கும்போதெல்லாம், அப்பா கடலைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். சாப்பிடு, சாப்பிடு என்பதுபோல. ஏமாற்றப் போகிறோமே என்ற கூச்சமோ என்னவோ. அவர் அப்படிச் செய்வது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"லின்ட்சே கடலையைத் தள்ளிட்டான்! வைங்கடா காசை!" என்று கூட ஆடும் விங்கோ சிரிப்பார். அப்பா எதுவும் புரியாமல் தானும் சிரிப்பார்.

மூன்று மாதம் பழக்கினேன். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அவரைப் பொய் சொல்ல வைப்பேன். கை கிண்ணத்துப் பக்கம் நகர்ந்தால் மரக்கரண்டியால் ஒரு அடி. "போலீஸ்ல சேர்ந்துடுடி நீ" என்று கையை உதறிக்கொள்வார். ஜூன் மாதத்தில் கை நின்றது. கண் நின்றது. தொண்டைக்குழி அசைவதுகூட நின்றது.

தொடர்ந்து ஏழு வெள்ளிக்கிழமை ஜெயித்தார்.

"உங்கப்பன என்னடி பண்ணி வச்சிருக்கே? பொணத்தோட சீட்டாடற மாதிரி இருக்கு" என்றார் விங்கோ.

எனக்கு அன்றைக்கு அவ்வளவு பெருமை.

இன்று காலையில் அப்பாவும் நானும் பெர்த் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தோம். கோடையிலிருந்து அவருக்கு இருமல். போன வாரம் ஸ்கேன் எடுத்தார்கள், இன்று முடிவு சொல்வதாக இருந்தது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாற்பது நிமிடம்.

வந்தார். "ஒண்ணுமில்ல. நெஞ்சுல சளி தங்கியிருக்காம்."

முகத்தைப் பார்த்தேன். கையைப் பார்த்தேன். தொண்டைக்குழியைப் பார்த்தேன்.

ஜனவரி மாதமாக இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன்.

அங்கேயே நின்று அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அம்மா வடக்கே ஒரு சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறாள், திரும்பி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. "வெறும் சளியா? அதுக்கா இவ்ளோ சீன் போட்டீங்க? இன்னைக்காவது குப்பைத் தொட்டியை வெளிய வைங்க" என்று சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சரியான இடத்தில், சரியான அளவு.

பிறகு அறுநூறு கிலோமீட்டர். வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வழியில்தான் அந்தக் கங்காரு. நான் கேட்கவில்லை.

ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிராளி வைத்த அளவுக்கு நீயும் காசு வைத்தால்தான் அவன் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். கவிழ்த்துவிட்டவளுக்கு எதையும் காட்ட வேண்டியதில்லை. அவன் கையில் இருந்தது என்ன சீட்டு என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. வெறும் சளியாகவே இருந்துவிடலாம்.

இப்போது இரவு மணி இரண்டு. குப்பைத் தொட்டியை வெளியே வைத்துவிட்டேன். அப்பா அறையில் விளக்கு எரிகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அந்த பிக்கப்பை அப்பா யாருக்கும் தர மாட்டார். அம்மாவுக்குக்கூடத் தந்ததில்லை. எட்டு மாதமாக நான் ஓட்டப் பழகுவது அம்மாவின் சின்னக் காரில்தான். பிக்கப்பின் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே திட்டு விழும். இன்று ஆஸ்பத்திரி வாசலில் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, போய் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் குதித்தேன். ஓட்டப் பழகுகிறவள் என்று காட்டும் மஞ்சள் 'எல்' அட்டையை வண்டியில் ஒட்டும்போது பாடிக்கூட இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை நீட்டினேன்.

"உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்று என் பக்கமே தள்ளிவிட்டார்.

மேசைமேல் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலைக் கிண்ணத்தைத் தள்ளியது மாதிரியே அவருக்குத் தெரியாமல் அவர் கை தள்ளியதா? இல்லை, எனக்குத் தெரியட்டும் என்றுதான் தள்ளினாரா?