அருள்விழி எழுதிய வரி

ஏழாம் வகுப்பில் கவிதைப் பாடம். பிள்ளைகள் எழுத எழுத டேப்லெட்டே வரிகளை அழகாக்கித் தந்துவிடும். 'என் வீடு' என்ற தலைப்பில் அருள்விழி எழுதியதை நான் உரக்க வாசித்தேன்.

"அப்பாவின் காலடி ஓசை
எங்கள் வீட்டின் தாலாட்டு."

எல்லோரும் கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்தாள். "மிஸ், அது நான் எழுதினது இல்ல."

"பின்ன யாருடி எழுதினா?"

"நாலு வாட்டி எழுதினேன் மிஸ். நாலு வாட்டியும் அதுவே மாத்திருச்சு."

"நீ என்ன எழுதினே?"

"அப்பா செருப்பு சத்தம் கேட்டா நான் கட்டிலுக்கு அடியில போயிருவேன். அம்மாவுக்கு அங்க எடம் பத்தாது."

அவள் டேப்லெட்டில் தேடிப் பார்த்தேன். அந்த வரி எங்கும் இல்லை. தலைமையாசிரியரிடம் ஓடினேன்.

"அதைவிட இதுதானே நல்லாருக்கு டீச்சர்?" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. அவர்மேல் மட்டுமா? ஜூன் மாதத்திலிருந்து அவளுடைய எல்லா அப்பா கவிதைகளுக்கும் முழு மதிப்பெண் போட்டவள் நான். இவ்வளவு இனிமையாக எழுதுகிறவள் ஏன் சிரிப்பதே இல்லை என்று ஒருநாளும் கேட்காதவளும் நான்தான்.

நான்கு மணிக்கு அவள் அப்பா வந்தார். டேப்லெட்டிலிருந்து கவிதை தானாகவே அவர் போனுக்கும் போயிருந்தது. "படிச்சீங்களா டீச்சர், எம்பொண்ணு எழுதினத?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அருள்விழியை என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அவங்கம்மாவ வரச் சொல்லுங்க. உங்ககூட அனுப்ப மாட்டேன்."

அவர் கண்ணின் ஈரம் சட்டென்று காய்ந்தது. ஜூனிலிருந்து அவள் எழுதிக்கொண்டிருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன்.