சென்னியப்பன் வீட்டுச் சூரியன்

சென்னியப்பன் வீட்டில் சூரியன் மாலை ஐந்து மணிக்கு உதிக்கும். மறதி நோய் அவருடைய பகலையும் இரவையும் புரட்டிப் போட்டதிலிருந்து, அவர் உடம்பு விழிக்கும் நேரத்துக்கே வீட்டு ஜன்னல்கள் விடியலைக் காட்டின. விடிந்த முதல் ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பார். அப்புறம் மகள் பூங்கொடியைக்கூட யாரென்று கேட்பார்.

அந்தத் தெளிவிலேயே அப்பா வாயால் கல்யாணச் சம்மதம் கேட்டுவிட வேண்டுமென்று, மாப்பிள்ளை வீட்டாரை ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தாள் பூங்கொடி. அப்பாவின் நேரத்திலேயே வாழ்ந்து பழகியவள், ஊர் நேரத்துக்கு ராகுகாலம் பார்க்க மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "ராகுகாலத்துல எப்படிங்க உள்ள வர்றது? ஆறு மணி ஆகட்டும்."

ஆறு மணிக்கு அப்பா எப்படி இருப்பாரோ! பூங்கொடி உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

அதற்குள் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார் சென்னியப்பன். பல் துலக்கிய ஈரம் மீசையில் இன்னும் காயவில்லை.

"என்னங்கம்மா, சூரியனே இப்பத்தான் கெளம்புது. ஞாயித்துக்கெழம ராகுகாலம் சாயங்காலமில்லீங்களா வரும்? உள்ள வாங்க சம்பந்தி, காப்பி ஆறுது!"

பெரியம்மா எட்டிப் பார்த்தார். கூடம் முழுக்க இளவெயில்.

"அட, விடிஞ்சுதான் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

சம்பந்தி என்றே அழைத்துவிட்டார். இனிச் சம்மதம் வேறு கேட்க வேண்டுமா? ஆனால் பூங்கொடிக்கு அது காதிலேயே ஏறவில்லை. அப்பா கிழமை சொல்லி இரண்டு தீபாவளி போயிருந்தது.

"கேட்டீங்களா?" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமன்னு எங்கப்பாவுக்குத் தெரியுதுங்க!"