ஓவர்டிரைவ் பிடித்தது

"போடு!" என்று காருக்கு அடியிலிருந்து கத்தினார்.

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினாள்.

சத்தமே இல்லை.

கியர்பெட்டிக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று கேட்க வேண்டும். ஓவர்டிரைவ் என்பது டாப் கியருக்கும் மேலே ஒரு கியர் மாதிரி; நெடுஞ்சாலையில் இன்ஜின் மூச்சு வாங்காமல் ஓட அந்த ஒரு 'டக்' போதும். அது நின்று இரண்டு வருடமாகிறது. ஆயில் மாற்றினார், ஃபியூஸ் மாற்றினார், சுவிட்சையே மாற்றினார். மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

சாயங்காலம் காரை வாங்க ஆள் வருகிறது. அதற்குள் கிழட்டுக் காருக்கு ஒரு கடைசி வைத்தியம்.

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து வந்து ஓவர்டிரைவ் மெஷினில் வைத்தார்.

டக்!

"ஏய், உயிர் இருக்குடி! மெஷின்ல கோளாறே இல்ல. வழியிலதான் எங்கயோ கரண்ட் நிக்குது!"

முகமெல்லாம் கிரீஸாக ஊர்ந்து வெளியே வந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

மனைவி வாசல் கேட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கியர் பக்கத்துல, அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில பாத்தீங்களா?"

கார்ப்பெட்டைப் புரட்டி, மூடியைக் கழற்றினார். கியர்பெட்டியின் மேல் ஒரு ஒயர் தனியாகக் கிடந்தது. நுனியில் கறுப்பு டேப், அத்தனை நேர்த்தியாக.

பிரித்துச் செருகினார். போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு இருவரும் நெடுஞ்சாலைக்குப் பறந்தார்கள்.

டக்!

இன்ஜினின் கூச்சல் சட்டென்று அடங்கியது. இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சரிந்து இறங்கியது. கார் மட்டும் வேகம் குறையாமல் வழுக்கிக்கொண்டு போனது.

அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "விக்கிறதா? எவன் சொன்னான்? இனி உன் தங்கச்சி வீடு கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள! ஆமா, ஒயர் அங்க இருக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் கழட்டினேன்."

ஆக்ஸிலரேட்டரிலிருந்து அவர் கால் தானாக எழுந்தது.

"வீட்டுல என்கிட்ட நாலு வார்த்தை பேச மாட்டீங்க. கார்ல ஏறினாதான் வாயத் திறப்பீங்க. மெதுவா போனா இன்னும் கொஞ்சம் பேசுவீங்கன்னுதான். எந்த ஒயர்னு கூட நீங்கதான் ஒருநாள் ஓட்டிக்கிட்டே சொன்னீங்க."

பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து, முறைத்து, தாண்டிப் போயின.

அவர் ஓரமாக, மெதுவாக ஓட்டினார். பேசிக்கொண்டே ஓட்டினார்.